எவரும் சமைக்கத் தக்க அடுக்களை

மும்பை மாநகரில் குடித்தனம் நடத்துகிற நம்மவர்கள் கூடும் இடங்களில் வீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் இடநெருக்கடியில்தான் சென்று முடியும். துணி உலர்த்த இடம் இல்லை, குழந்தைகள் படிக்க இடம் இல்லை, ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் படுக்க இடம் இல்லை என்று குறைகளை ஒவ்வொன்றாக அடுக்குவோம். ஆயினும் வீட்டிலேயே மிகச் சிறியதாகவும், நாள்தோறும் மிகுந்த உழைப்பு நடைபெறுவதாகவும் உள்ள அறையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதுதான் அடுக்களை. ஆறடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட அந்த இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு எரியத் தொடங்கும் விளக்கு, பல இல்லங்களில் இரவு பத்து மணிக்குத்தான் அணைகிறது. அதனை எவ்வாறு அமைத்துக்கொண்டால் சமையல் எளிதாகும் என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

எளிதாக வேண்டும் என்றால், யாருக்கு எளிதாக வேண்டும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பல இல்லங்களில் அடுக்களை இப்பொழுதும் எளிதாகவே இருக்கிறது. ஆனால் ஒரே ஒருவருக்கு மட்டும். பெருங்காயம் காப்பிப்பொடி டப்பாவுக்குப் பின்னால் இருப்பதும், பிஸ்கட் டப்பாவினுள் பாசிப்பருப்பு இருப்பதும், சிறிய குக்கரின் ரப்பர் வளையம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதும் இல்லத்தரசிக்கு மனப்பாடம். மின்சாரம் நின்றுபோன இருட்டிலும் அவர் கை சரியான இடத்துக்குச் சென்று சரியான பொருளை எடுத்துவிடும். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தாரானால் நிலைமை வேறு. கணவர் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். மகன் பொறியியற் கல்லூரியில் படிப்பவன். இருவருமாகச் சேர்ந்து ஒரு ரசம் வைப்பதற்குள், படுத்திருப்பவரைப் பத்து முறை எழுப்பிக் கேள்வி கேட்கிறார்கள். இறுதியில் அவரே எழுந்து வந்து அடுப்பை மூட்டுகிறார். அல்லது ஓட்டலிலிருந்து சாப்பாடு வருகிறது.

சொந்த ஊராக இருந்தால் இத்தகைய நாட்களில் அத்தையோ, சித்தியோ, அடுத்த வீட்டு மதினியோ வந்து கைகொடுப்பார்கள். வெளியூரில் வாழும் நமக்கு அந்தத் துணை எளிதில் வாய்ப்பதில்லை. மகளின் பிரசவத்துக்கென்று தாய் ஊருக்குப் போகிறார். முதியவருக்கு உடல்நலம் இல்லை என்று தந்தி போல் ஒரு தொலைபேசிச் செய்தி வந்ததும் அன்றிரவே ரயில் ஏற வேண்டியிருக்கிறது. எஞ்சியிருப்பவர்கள் அந்த இரண்டு வாரமோ இரண்டு மாதமோ எதைச் சமைத்து உண்பது? இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு அடுக்களை ஒழுங்கு என்பது, வீட்டின் உடல்நலத்தையும் மன அமைதியையும் பொறுத்த விஷயமாகிறது.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று இங்கே கருதத் தக்கது. வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷங்களையும், அவற்றில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷங்களையும் செலவிட்டதாக அவ்வாய்வு கூறுகிறது. பெண்களின் கணக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வீட்டு வேலையில் இறங்குகிற ஆண்களின் தொகையோ பெண்களினும் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டுக்கு நம் மனப்பழக்கமே முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடுக்களையின் அமைப்பும் அப்பழக்கத்துக்குத் துணைபோகிறது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒருவருடைய நினைவில் மட்டும் இருக்குமானால், உதவிக்கு வருபவர் உபத்திரவமாகவே தோன்றுவார். "நீங்கள் போய் உட்காருங்கள், நானே செய்துவிடுகிறேன்" என்ற வாக்கியம் அங்கேதான் பிறக்கிறது.

அமர்ந்து சமைத்த காலமும் நின்று சமைக்கும் காலமும்

நம் பாட்டிமார் தரையில் அமர்ந்து சமைத்தார்கள். எதிரே மண் அடுப்பும் அதனை ஒட்டிய கொடியடுப்பும். ஒரு பக்கம் தண்ணீர்ச் செம்பு. மறுபக்கம் அஞ்சறைப் பெட்டி. சுவர் மாடத்தில் எண்ணெய்க் கிண்ணமும் உப்பு மரவையும். தாளிப்பதற்கு வேண்டியன யாவும், எழுந்திருக்காமல் கைநீட்டி எடுக்கும் தொலைவில் இருந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் அவ்வவ்வேலைக்குரிய இடங்களில் நிலையாகக் கிடந்தன; அவற்றை யாரும் தூக்கி வைக்கவில்லை. குறிப்பாக அஞ்சறைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மிளகாய் என்று ஒரே வேலைக்கு ஒன்றுசேர்ந்து பயன்படும் பொருள்கள் ஒரே பெட்டியில் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் எல்லாம் ஒருங்கே கண்ணுக்குத் தெரிகின்றன. அடுக்களை அமைப்பின் அடிப்படை இலக்கணம் முழுவதும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது.

பின்னர் ஒரு பத்தாண்டுக் காலத்துக்குள் இந்நிலை வேகமாக மாறியது. 1955-ஆம் ஆண்டில் பர்மா ஷெல் நிறுவனம் நம் மும்பையில் சமையல் எரிவாயுவை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் கோவையில் சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். 1959-இல் ஹாக்கின்ஸ் குக்கர் நிறுவனம் மும்பையில் தோன்றியது. 1963-இல் பொறியியல் வல்லுநரான மாத்தூர் என்பவரின் முயற்சியால் சுமீத் மிக்ஸி இதே நகரத்தில் பிறந்தது. இக்கருவிகள் வந்து சேரச் சேர, அமர்ந்து சமைத்தவர் எழுந்து நின்றார். அவருக்கெனக் கல்மேடை வந்தது. மராத்தியர் அதனை 'ஓட்டா' என்பர்; நாமும் அப்பெயரையே வழங்கப் பழகிவிட்டோம். ஆனால் சமைப்பவர் எழுந்தபோது, அவரைச் சூழ்ந்து கைக்கெட்டும் தொலைவில் இருந்த பொருள்கள் அவருடன் எழவில்லை. சில மேடைக்கு அடியில் போயின; சில அலமாரியின் உச்சிக்குப் போயின; மற்றவை 'மாளா' என்று இங்கே சொல்லப்படும் பரணில் ஏறிக்கொண்டன.

மேலைநாட்டில் இதே சிக்கலை ஆராய்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் சிறு வீடுகள் கட்டப்பட்டன. அவற்றுக்கு 1926-ஆம் ஆண்டில் சமையலறை வகுத்துத் தந்தவர் மார்கரெட்டே ஷுட்டெ லிஹாட்ஸ்கி என்ற கட்டடக்கலை வல்லுநர். ரயில்வண்டியின் உணவுப் பெட்டியில் மிகக் குறுகிய இடத்துக்குள் பலருக்குச் சமைக்கிறார்களே, அந்த அமைப்பையும் அவர் கருத்தில் கொண்டார். அவர் வகுத்த அறையின் அளவு 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அடுப்பிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து மேடைக்கும் எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு நடையைக் குறைத்தார். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்கு அலுமினிய இழுப்பறைகள் அமைத்து, ஒவ்வொன்றின் மேலும் பொருளின் பெயரைப் பொறிக்கச் செய்தார். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அவ்வமைப்பு இடம்பெற்றது. ஆனால் பிற்காலத்தில் அதன்மேல் ஒரு குறையும் சொல்லப்பட்டது. அதில் ஒருவரே நின்று வேலை செய்ய முடியும். ஆகவே அது பெண்ணைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்திவிட்டது என்றார்கள். இந்த நிறையையும் குறையையும் சேர்த்தே நாம் பாடமாகக் கொள்ள வேண்டும்.

வேலைக்கு ஓர் இடம்

நம்மில் பலர் பொருள்களை இனம்பார்த்து அடுக்குகிறோம். டப்பாக்கள் எல்லாம் ஓரிடம், பாத்திரங்கள் எல்லாம் ஓரிடம், கரண்டிகள் எல்லாம் ஓரிடம். பார்வைக்கு இது அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. எந்த வேலை எங்கே நடக்கிறதோ, அந்த வேலைக்கு முதலில் வேண்டிய பொருள் அங்கே இருக்க வேண்டும் என்பதே நாம் கைக்கொள்ள வேண்டிய விதி.

அடுக்களை வேலையை நான்காகப் பிரிக்கலாம். தண்ணீரோடு சேர்ந்த வேலை, அறுத்தலும் அரைத்தலும், அடுப்பு வேலை, பரிமாறுதலும் டப்பா கட்டுதலும். அரிசியும் பருப்பும் முதலில் தண்ணீரைத்தான் நாடுகின்றன. ஆகவே அரிசி டப்பாவும், அளக்கும் ஆழாக்கும், குக்கரும் அதன் உள்பாத்திரங்களும் குழாய்த் தொட்டிக்கு அருகில் இருக்கட்டும். கத்தி, பலகை, காய் சீவி, வடிதட்டு ஆகியன தொட்டிக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட மேடைப் பகுதியில் இருக்கட்டும். மீனும் இறைச்சியும் சமைக்கும் இல்லங்களில் அவற்றுக்கென்று தனிப்பலகையும் தனிக்கத்தியும் வைத்துக்கொள்வது சுகாதாரத்துக்கு இன்றியமையாதது. அஞ்சறைப் பெட்டி, எண்ணெய், உப்பு, புளி, கரண்டிகள், இடுக்கி, பிடிதுணி ஆகியவை அடுப்பின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே மசாலைப் பொடிகளை வரிசையாக வைப்பது பல வீடுகளில் காணும் வழக்கம். கீழிருந்து எழும் சூடும் ஆவியும் பொடிகளைக் கட்டியாக்கி மணத்தைப் போக்கிவிடும். எரியும் அடுப்பின்மேல் கையை நீட்டுவதும் ஆபத்து.

காப்பிக்கு ஒரு மூலை ஒதுக்கினால் காலை வேளையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பில்டர், காப்பிப்பொடி, சர்க்கரை, பால் காய்ச்சும் பாத்திரம், டவரா, டம்ளர் எல்லாம் ஒரு தட்டில் சேர்ந்திருந்தால், முதலில் எழுபவர் யாராயினும் காப்பி கலந்துவிடலாம். அவ்வாறே டிபன் டப்பாக்கள், அவற்றின் மூடிகள், கரண்டிகள், கைத்துண்டு, பை ஆகியவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும். ஏழு மணி பத்து நிமிஷத்து விரைவு வண்டியைப் பிடிக்க வேண்டியவருக்கு, டப்பாவின் மூடியைத் தேடும் மூன்று நிமிஷம் எத்தகையது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

கண்ணும் கையும் எட்டும் உயரம்

இடத்தைத் தேர்ந்தபின் உயரத்தைக் கருத வேண்டும். நாள்தோறும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடுப்பவை அதற்குக் கீழே இருக்கலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் வெளிவரும் அண்டாவும் முறுக்கு அச்சும் பரணுக்குப் போகலாம். கனமான பொருள் எதுவும் தலைக்கு மேல் இருத்தல் கூடாது. மாவு கிரைண்டரை மேடைக்கடியில் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் தூக்கி எடுப்பவர்கள் நாளடைவில் கடை மாவுக்குப் போய்விடுகிறார்கள். ஆட்டுக்கல் எப்படி ஓரிடத்தில் நிலையாகக் கிடந்ததோ, அப்படியே கிரைண்டரும் மின்னிணைப்புக்கு அருகில் நிலையாக இருக்க வேண்டும்.

அலமாரித் தட்டுகளில் ஒரு பொருளுக்குப் பின்னால் மற்றொரு பொருள் மறையும்படி வைக்காதிருத்தல் நலம். ஆழமான தட்டாயின் முன்வரிசையில் குட்டையானவற்றையும் பின்வரிசையில் உயரமானவற்றையும் வைக்கலாம். அல்லது ஒரு தாம்பாளத்தில் ஆறேழு டப்பாக்களை அடுக்கி, தாம்பாளத்தையே வெளியே இழுக்கலாம். கண்ணில் படாத பொருள் இருந்தும் இல்லாததே. பாதி வீடுகளில் வெந்தயம் மூன்று பொட்டலங்களாக இருப்பதற்கும், கடுகு முழுவதுமாகத் தீர்ந்திருப்பதற்கும் காரணம் இதுதான்.

மேடையின் உயரம் நிற்பவரின் முழங்கைக்கு ஏறக்குறைய நான்கு அங்குலம் கீழே இருந்தால் முதுகு வலிக்காது. ஐந்தடி உயரம் உள்ளவருக்கு 33 அல்லது 34 அங்குலம் பொருந்தும். வாடகை வீட்டில் மேடையை இடித்துக் கட்ட முடியாது. ஆயினும் மேடை தாழ்வாக இருந்தால் தடித்த பலகையின்மேல் வைத்துக் காய் நறுக்கலாம். உயரமாக இருந்தால் நறுக்கும் வேலையைச் சாப்பாட்டு மேஜைக்கு மாற்றிவிடலாம். அப்படி மாற்றுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. மேஜையில் பாட்டி அமர்ந்து கீரை ஆய்வார். பேரன் பட்டாணி உரிப்பான். பிராங்க்பர்ட் அடுக்களையின் மேல் சொல்லப்பட்ட குறை இந்த எளிய வழியால் தீர்ந்துவிடுகிறது.

மழைக்காலமும் ஊர்ச் சரக்கும்

ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு மளிகைக் கடையையே ரயிலில் ஏற்றி வருகிறது. புளி, குண்டு மிளகாய், கருப்பட்டி, வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், இடித்த மஞ்சள், அம்மா கைப்பட அரைத்துத் தந்த சாம்பார்ப் பொடி ஆகியவற்றை விலைமதிப்பால் மட்டும் அளக்க முடியாது. பெரும்பாலோர் கோடை விடுமுறைக்குச் சென்று ஜூன் மாதத் தொடக்கத்தில் திரும்புகிறார்கள். அப்பொழுதுதான் இங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. செப்டம்பர் முடியக் காற்றில் ஈரம் குறைவதில்லை. அப்பளம் நமுத்துவிடும், உப்பு கசியும், ரவையில் புழு வைக்கும், மிளகாயில் பூஞ்சை படரும். ஆசையோடு கொண்டுவந்ததைக் கனத்த மனத்தோடு குப்பையில் கொட்டுகிறோம்.

இதனைத் தவிர்க்கச் சில வழிகள் உள்ளன. ஊரிலேயே சரக்கை நன்றாக வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளேயே வியர்க்கும். வந்தவுடன் மொத்தத்தையும் இரண்டாகப் பிரித்து, இறுக மூடும் டப்பாவில் பெரும்பங்கையும், அன்றாடம் திறக்கும் சிறு டப்பாவில் பதினைந்து நாளுக்குரியதையும் வைக்க வேண்டும். பெரிய டப்பா அடிக்கடி திறக்கப்படாத வரையில் அதனுள் ஈரம் புகாது. ரவையையும் சேமியாவையும் இளஞ்சூட்டில் வறுத்து வைக்கலாம். பொடிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் நலம். புளியைக் கொட்டை நீக்கி, உப்பிட்டு, பீங்கான் சாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ அடைக்க வேண்டும். பித்தளையும் அலுமினியமும் புளிக்கு ஆகா. டப்பாவினுள் ஈரக் கரண்டி போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு டப்பாவுக்கும் உலர்ந்த கரண்டி ஒன்றை உள்ளேயே போட்டு வைத்தால்தான் அவ்விதி நடைமுறையில் நிற்கும். புதிதாக வாங்கியதைப் பழையதன்மேல் கொட்டாமல், பழையதைத் தீர்த்தபின் டப்பாவைக் கழுவி உலர்த்திப் புதியதை நிரப்புவது முறை.

மழைக்காலத்துக்கு முன்பே ஆண்டுச் சரக்கு முழுவதையும் வாங்கிக் குவிப்பது பெரிய வீடுகளுக்கு ஏற்ற பழக்கம். மாதுங்காவிலும் செம்பூரிலும் நமக்கு வேண்டிய பொருள்கள் ஆண்டு முழுவதும் கிடைக்கின்ற இக்காலத்தில், சிறு வீட்டின் இடத்தைப் பருப்பு மூட்டைக்கு வாடகைக்கு விடுவானேன்?

டப்பாவின் மேல் ஒரு பெயர்

எல்லாவற்றிலும் எளிய சீர்திருத்தம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு காகிதமும் ஒரு பேனாவும் போதும். ஒவ்வொரு டப்பாவின்மேலும் பெயரை எழுதி ஒட்டுவதே அது. "எவர்சில்வர் டப்பாவின் அழகு கெட்டுவிடுமே" என்று சிலர் கருதலாம். ஆனால் இல்லத்தரசியின் நினைவில் மட்டும் இருக்கும் அறிவை வீட்டார் அனைவருக்கும் உரியதாக்குவது அந்தச் சிறு சீட்டுத்தான்.

அதனை இரு மொழியில் எழுதுவது மேலும் சிறப்பு. துவரம் பருப்பு, தூர் டால், கடலைப் பருப்பு, சணா டால், வெந்தயம், மேத்தி, பெருங்காயம், ஹிங் என்று எழுதி வைத்தால், வேலைக்கு வரும் பாயும் தடுமாற மாட்டார், கடைக்குச் செல்லும் சிறுவனும் தடுமாற மாட்டான். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் குழந்தைகள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும், தமிழ் எழுத்தைக் கண்டால் விழிக்கிறார்கள். சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு வாரத்தில் ஒருமுறைதான் வருகிறார்கள். அடுக்களையில் கண்ணுக்கு நேரே 'சீரகம்', 'மிளகு', 'கடுகு' என்ற சொற்கள் நாள்தோறும் நின்றால், எழுத்து தானே மனத்தில் பதியும். ழகரம் பயில 'புழுங்கல் அரிசி'யைக் காட்டிலும் சுவையான பாடம் ஏது? சீட்டுகளை எழுதும் பொறுப்பைக் குழந்தைகளிடமே விட்டுவிட்டால், எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளும் ஒட்டி வைக்கலாம். நம் வீட்டில் நால்வருக்கு எத்தனை ஆழாக்கு அரிசி, அதற்கு எவ்வளவு தண்ணீர், குக்கர் எத்தனை முறை ஊத வேண்டும், சாம்பாருக்குப் பொடி எத்தனை கரண்டி, இட்லிக்கு உளுந்தும் அரிசியும் என்ன கணக்கு ஆகியவற்றை அதில் எழுதி வைப்பது நலம். "கண்ணளவு, கையளவு" என்று நம் தாய்மார் சொல்லிவிடுவார்கள். அந்தக் கையளவை ஒருமுறை கரண்டியால் அளந்து எழுதிக்கொண்டால், அவர்கள் கைமணம் அடுத்த தலைமுறைக்கும் கிட்டும்.

நெருப்பின் அருகே

பலரும் புழங்கக் கூடிய அடுக்களையில் நெருப்பைப் பற்றிய அறிவும் அனைவருக்கும் பொதுவாக வேண்டும். 14.2 கிலோ வாயு கொண்ட உருளையை எப்பொழுதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான இடத்தில் இருக்க வேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தங்கும். ஆகவே நாற்றம் வந்தால் மின்விசையைத் தொடாமல், அடுப்பையும் உருளையின் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். மும்பையின் பல பகுதிகளில் குழாய் வழியே வரும் இயற்கை வாயுவோ காற்றைவிட இலேசானது. மேலே சென்று தேங்கும். அவ்வீடுகளில் உயரத்தில் உள்ள காற்றுத் துளைகளை அடைக்காதிருத்தல் வேண்டும். குழாய் வாயுவை மூடும் திருகு எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் காட்டி வைக்க வேண்டும். அதன்முன் டப்பாக்களை அடுக்கி மறைத்துவிடக் கூடாது.

குக்கரைப் பற்றியும் ஒரு சொல். அதனுள் அழுத்தம் மிகுவதால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி சூட்டில் கொதிக்கிறது; பருப்பு விரைவில் வேகும் இரகசியம் அதுதான். அதே காரணத்தால் ஆவி அடங்குமுன் மூடியைத் திறத்தல் பெருந்தவறு. பருப்பு வேகவைக்கும்போது பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பினால், நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும். அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும். புதிதாகச் சமைக்க வருபவருக்குக் கதவின் உட்புறத்துத் தாள்தான் இதனைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

இவற்றையெல்லாம் செய்ய எத்தனை நாள் ஆகும்? வீட்டார் அனைவரும் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் அடுக்களையில் உள்ள அனைத்தையும் கூடத்தில் கொண்டுவந்து பரப்ப வேண்டும். நாள்தோறும் எடுப்பவை, எப்போதாவது எடுப்பவை, ஓராண்டாக எடுக்காதவை என மூன்று குவியல்கள். மூன்றாவது குவியலின் பெருமையைக் கண்டு எல்லோரும் வியப்பர். கைப்பிடி இல்லாத வாணலி, மூடி தொலைந்த டப்பா, திருமணத்தில் பரிசாக வந்த ஒரே மாதிரியான நான்கு பாத்திரங்கள் அதில் கிடக்கும்.

தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைத் தவலையும் வெண்கலப் பானையும் அக்குவியலில் சேரும்போது மனம் தயங்கும்; அது இயல்பே. அவற்றைப் பரணின் இருளில் கறுக்க விடுவதைக் காட்டிலும், ஒன்றைத் தேர்ந்து பொங்கலன்று பயன்படுத்துவது அதற்கும் மரியாதை, கொடுத்தவருக்கும் மரியாதை. மற்றவற்றைப் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் மகளுக்கோ மருமகளுக்கோ, அவர்கள் விரும்பினால், அளிக்கலாம்.

வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சமைப்பதாயின், இருவரும் கலந்துபேசியே இடங்களை முடிவு செய்தல் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போயிருக்கும் சமயம் பார்த்து மற்றவர் அடுக்களையை மாற்றி அமைத்தால், பொருள்கள் ஒழுங்குபடும், மனங்கள் ஒழுங்குபடா. பெரியவர்களுக்குக் குனிவதும் ஏறுவதும் கடினம், பார்வையும் மங்கியிருக்கும். அவர்களுக்குத் தக்க உயரத்தில், பெரிய எழுத்தில் அமைத்தால் அது சிறியவர்களுக்கும் பொருந்திவிடும். பத்து, எச்சில் என்ற ஆசாரம் பார்க்கும் இல்லங்களும் சமைத்த உணவுக்கு ஒரு மேடைப் பகுதியைத் தனியே ஒதுக்கிவிட்டால், வாக்குவாதத்துக்கு இடம் இராது.

இறுதியாக ஒரு பரீட்சை வைக்கலாம். அடுத்த ஞாயிறன்று, இதுவரை அடுப்பின் பக்கம் வராத ஒருவரிடம் சோறும் ரசமும் ஒரு பொரியலும் செய்யும் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இல்லத்தரசி கூடத்தில் அமர்ந்து பத்திரிகை படிக்கட்டும். உள்ளிருந்து வரும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்லலாம், எழுந்து போகக் கூடாது. "புளி எங்கே?", "எந்தக் கரண்டி?", "தண்ணீர் எவ்வளவு?" என்று கேள்விகள் வரும். சமைத்தவரின் அறியாமை என்று அவற்றை நகைத்துத் தள்ளாமல், அமைப்பில் உள்ள குறையாகக் கொண்டு ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். புளியை இடம் மாற்றுங்கள்; கரண்டிக்கு ஓர் ஆணி அடியுங்கள்; தண்ணீரின் அளவைத் தாளில் எழுதுங்கள். மூன்று நான்கு ஞாயிறுகளில் கேள்விகள் குறைந்து, ரசமும் வாய்க்கு வழங்கும்படி ஆகிவிடும்.

நம் அன்பர்களின் இல்லங்களில் இதைவிடச் சிறந்த ஏற்பாடுகள் பல இருக்கக் கூடும். ஒற்றை அறையிலேயே அடுக்களையும் படுக்கையும் அமைத்து, ஆறு பேருக்குக் குறைவின்றிச் சமைக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். அவர்கள் தங்கள் அனுபவத்தை நான்கு வரியாக எழுதிச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால், வரும் இதழ்களில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். வீட்டு ஆடவர்களும் எழுதலாம். முதல் ஞாயிற்றுக்கிழமை எத்தனை கேள்வி கேட்டார்கள் என்ற கணக்கையும் உண்மையாகச் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.